கானமயில் தேடிய சாலை

ஸ்பெயின் நாட்டுக்குச் சென்று வந்தேன் என்று சொன்னால், ஆசிரியர் அறையில் அடுத்து வரும் கேள்வி பார்சலோனாவைப் பற்றியதாகவே இருக்கிறது. காற்பந்தின் புகழ் அப்படி! நான் சென்றதோ அந்நாட்டின் தென்மேற்கில், போர்த்துகல் எல்லையை ஒட்டிக் கிடக்கும் எஸ்திரெமதூரா என்னும் வறண்ட வட்டாரத்துக்கு. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து நாள், வாடகை மகிழுந்தில், பறவை பார்ப்பதற்காகவே சென்றோம். "பறவை பார்க்க நம் தாமான் நெகாரா போதாதா, டீச்சர்?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இலண்டனில் பணிபுரியும் என் தம்பி நெடுநாளாகப் பறவை பார்ப்பவன். "அக்கா, மரமே இல்லாத இடத்தில் ஒரு முறை பறவை பார்க்க வா" என்று மூன்று ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தான். வாகனம் ஓட்டும் பொறுப்பு அவனுடையது. கட்டுச்சோறும் குறிப்பேடும் என்னுடையவை.

மாட்ரிட்டிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தென்மேற்கே துருஹீயோ என்னும் சிற்றூர். அங்கேதான் தங்கினோம். ஊரைத் தாண்டி மேற்கே திரும்பினால் சமவெளி தொடங்குகிறது. வேலி, கல், மெல்லிய புல், வானம். நம் நாட்டில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இங்கே 500, 600 பெய்தால் உண்டு. அதுவும் கோடையில் பெய்யாது. வெயில் 40 பாகையைக் கடக்கும் காலத்தில் நிலம் வைக்கோல் நிறத்தில் கிடக்குமாம். நாங்கள் சென்றபோது இலையுதிர்கால மழைக்குப் பின் முளைத்த விரற்கடை உயரப் புல் இருந்தது. காலையில் அதன்மேல் உறைபனி. 'இயற்கை அழகு' என்று தலைப்புக் கொடுத்தால் 'பச்சைப் பசேலென' என்று தொடங்காத மாணவர் கட்டுரையை நான் இன்னும் திருத்தியதில்லை. இந்த நிலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் பிள்ளைகள் எப்படித் தொடங்குவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

முதல் நாள் காலை, சாந்த்தா மார்த்தா தெ மகாஸ்கா என்னும் சிற்றூருக்குச் செல்லும் ஒடுங்கிய சாலையில், தம்பி வண்டியை ஓரங்கட்டினான். இறங்கக் கூடாது என்று சைகை செய்தான். வண்டிக்குள் இருக்கும்வரை அந்தப் பறவைகள் பொறுத்துக்கொள்ளும். மனித உருவம் வெளியே தெரிந்தால் ஓடிவிடும். தொலைநோக்கியில் பார்த்தேன். அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், நான் ஆடுகள் என்று கடந்திருக்கக்கூடிய உருவங்கள் தலை நிமிர்ந்தன. எண்ணினோம், இருபத்து மூன்று. சாம்பல் கழுத்து, செம்பழுப்பு முதுகு, அவசரமே இல்லாத நடை.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் கானமயில் என்பது இந்தியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழ்ந்த பெரும்பறவை. தமிழ்நாட்டிலிருந்து மறைந்தே போய்விட்டது. இந்தியா முழுவதிலும் காட்டில் எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. நாங்கள் பார்த்தவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே பெருங்கானமயில் என்றும், அதன் சிறிய உறவைச் சிறுகானமயில் என்றும் எழுதுகிறேன். பெருங்கானமயிலின் ஆண் 15 கிலோகிராம் வரை வளரும். பாலர் பள்ளிப் பிள்ளை ஒருவரின் எடை! அவ்வளவு எடையையும் தூக்கிக்கொண்டு அது பறக்கிறது. உலகில் உள்ள பெருங்கானமயில்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஸ்பெயினில் வாழ்கின்றன. 1980-இல் அந்நாட்டு அரசு அவற்றை வேட்டையாடுவதைத் தடை செய்தது.

தடை மட்டும் அவற்றைக் காப்பாற்றிவிடவில்லை. இதை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு மேய்ப்பர். சாலையோரக் கொட்டகையருகே நின்றிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். தம்பியின் அரைகுறை ஸ்பானிய மொழியில் பேச்சு நடந்தது. ஓர் ஆண்டு கோதுமையோ பார்லியோ விதைப்பார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகள் நிலத்தைத் தரிசாக விட்டு ஆடுகளை மேய விடுவார்கள். தரிசு நிலம் வீணான நிலம் அன்று. அங்கே முளைக்கும் களைச்செடியையும் பூச்சியையும் நம்பியே கானமயில் வாழ்கிறது. ஆடு அளவாக மேய்வதால் புதர் மண்டாமல் இருக்கிறது. பறவைக்கு நாற்புறமும் பார்வை கிடைக்கிறது. மனிதர் தொடாத காடு அன்று இது; மனிதர் மெல்லத் தொட்டுத் தொட்டு வைத்திருக்கும் நிலம். வடக்கு மலைகளிலிருந்து மெரினோ ஆடுகளைக் குளிர்காலத்துக்கு இங்கே நடத்தி வரும் வழக்கம் மிகப் பழையது. அந்த மேய்ப்பர்களின் சங்கத்துக்குப் பத்தாம் அல்ஃபொன்சோ அரசன் சாசனம் வழங்கிய ஆண்டு 1273.

"உங்களுக்குப் பின் ஆடுகளை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கச் சொன்னேன். மகன் மாட்ரிட்டில் பேருந்து ஓட்டுகிறான் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சிறுகானமயிலைப் பற்றிக் கேட்டதும் கையை அகல விரித்துக் காட்டினார். இளமையில் குளிர்காலக் கூட்டமாக நூற்றுக்கணக்கில் எழும்புமாம். ஆணின் சிறகு பறக்கும்போது சீழ்க்கை அடிக்கும் என்று உதட்டைக் குவித்து ஊதியும் காட்டினார். இரண்டாம் நாள் முழுவதும் அதையே தேடினோம். ஆள்காட்டிகள், வானம்பாடிகள், மாலையில் கல்கவுதாரிக் கூட்டம் ஒன்று எல்லாம் கண்டோம். சிறுகானமயில் மாலை நான்கு மணிக்கு மேல்தான் கிடைத்தது. ஏழு. புல்லுக்குள் அமர்ந்துவிட்டால் இருப்பதே தெரியவில்லை. தம்பி வெகுநேரம் பேசவில்லை. ஸ்பெயினில் 2005-க்கும் 2016-க்கும் இடையே அதன் ஆண் பறவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டன என்று இரவு உணவின்போது சொன்னான்.

மூன்றாம் நாள் மொன்பிராகுவே தேசியப் பூங்காவுக்குச் சென்றோம். தாஹோ ஆற்றின்மேல் எழும் பாறை முகட்டில் பாறுக் கழுகுகள் அடுக்கடுக்காக அமர்ந்திருப்பதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு வழியில் இருந்த மரங்களே பிடித்தன. கருவாலி மரங்களை இடைவெளிவிட்டு வளர்த்து, அடியில் பன்றியும் மாடும் மேய விடும் தோப்புகள் அவை. நடுநடுவே தக்கை மரங்களும் உண்டு. தக்கை மரத்தின் பட்டையை ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை உரிக்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வண்ணத்தால் எழுதி வைக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு, மரத்தைக் கொல்லாமல் பட்டையைக் கீறிப் பிழைக்கும் தொழில் எதுவானாலும் சொந்தக்காரர் தொழில் போலத் தோன்றும். ஆனால், நாள் விட்டு நாள் பால்வெட்டிய என் அம்மாவிடம் 'ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

அந்தத் தோப்புகளில் நீலச் சிறகும் கருந்தலையும் கொண்ட வால்காக்கை இனம் ஒன்று கூட்டமாகத் திரிகிறது. அதன் நெருங்கிய உறவினம் வாழ்வது சீனா, ஜப்பான் பக்கத்தில். நடுவில் எங்கும் இல்லை. ஆகவே, 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்களே, அந்தப் போர்த்துகீசிய மாலுமிகள் கிழக்கிலிருந்து கூண்டில் கொண்டு வந்திருப்பார்கள் என்று பல காலம் நம்பினார்கள். பிறகு ஜிப்ரால்டர் குகைகளில் 40,000 ஆண்டுகளுக்கும் பழைய எலும்புகள் கிடைத்தன. போர்த்துகீசியர் மீதிருந்த பழிகளில் ஒன்றாவது குறைந்தது!

நான்காம் நாள் தெற்கே, குவாதியானா ஆற்றுப் பாசனப் பகுதி. 1952-இல் தொடங்கிய பெருந்திட்டத்தால் இங்கே அணைகளும் வாய்க்கால்களும் வந்தன. வறண்ட நிலம் நெல்லும் சோளமும் விளையும் நிலமாயிற்று. அறுவடைக்குப் பின் சிந்திய மணிகளைத் தின்னச் சாம்பல் நிறப் பெருங்கொக்குகள் வருகின்றன. சுவீடன், பின்லாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து எஸ்திரெமதூராவுக்கு வந்து குளிர்காலத்தைக் கழிப்பவை ஓர் இலட்சத்துக்கும் மேல். நம் வயல்களில் காணும் வெள்ளைக் கொக்கு அன்று இது. முதலாம் ஆண்டு மாணவன் உயரம் நிற்கும். மூச்சுக்குழல் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் குரல் கொம்பூதுவது போல நெடுந்தொலைவு கேட்கும். அந்தி வேளையில் நவல்வில்யார் தெ பேலா அருகே நின்றோம். வரிசை வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பெரியவை, ஒன்றோ இரண்டோ தலை இன்னும் பழுப்பாயிருந்த இளையவை. முதல் குளிர்காலம் முழுவதும் பிள்ளைகள் பெற்றோரோடுதான் இருக்கும். இருட்டிய பிறகும் குரல்கள் தொடர்ந்தன.

தண்ணீர் வந்த இடத்தில் கொக்கு பெருகிற்று, கானமயில் ஒதுங்கிற்று. இதில் யாரைக் குறை சொல்வது? நெல் விளைத்தவருக்கும் குடும்பம் உண்டு. ஆனாலும் கொக்குக்குச் செல்ல வேறு வயல்கள் இருக்கின்றன. சிறுகானமயிலுக்குத் தரிசு ஒன்றே கதி. தரிசின்மீதுதான் எல்லாருக்கும் கண். நெருக்கி நட்ட ஒலிவத் தோட்டமும் பாதாம் தோட்டமும் அங்கேதான் வருகின்றன. மின் உற்பத்திக்கான சூரியத் தகடுகளும் அத்தகைய நிலத்தையே நாடுகின்றன. 2022-இல் துருஹீயோவுக்கு அருகில் 590 மெகாவாட் நிலையம் ஒன்று செயல்படத் தொடங்கியது. புகையில்லா மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது 'ஒன்றுமில்லாத நிலம்' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லைத்தான் சிவப்பு மையால் சுழிக்கத் தோன்றுகிறது.

2023-இல் ஸ்பெயின் அரசு சிறுகானமயிலை 'அழியும் தறுவாயில் உள்ளவை' என்னும் பட்டியலுக்கு மாற்றியது. 2024 டிசம்பரில் தம்பி மட்டும் மீண்டும் அதே சாலைக்குச் சென்றான். பெருங்கானமயில் பதினெட்டு என்று செய்தி அனுப்பினான். சிறியது? இரண்டு நாள் தேடியும் ஒன்றும் இல்லை. மேய்ப்பர் இருந்தாரா என்று கேட்டேன். கொட்டகை பூட்டியிருந்ததாம். அன்று பனிமூட்டம் கனத்திருந்ததால் தூரத்தில் எதுவும் தெரியவில்லை. ஆட்டு மணியோசை மட்டும் எங்கிருந்தோ கேட்டது என்றான்.