நாலு கட்டம்

கோடை விடுமுறையில் மாணவர்களை மாகறலுக்கு அழைத்துப் போனால், செய்யாற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் கண்ணில் படும். அங்கங்கே குட்டை, ஓரத்தில் கோரை, மேலே தட்டான்கள். இதைப் பார்க்கவா வந்தோம் என்று சிலர் முகம் வாடும். உடும்பைப் பிடித்து ஆராயலாமா என்று வருஷத்துக்கு ஒருவராவது கேட்பார். இங்குள்ள மாகறலீஸ்வரர் கோயிலில் லிங்கம் உடும்பின் வால் வடிவில் இருப்பதால் வரும் ஆசை அது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைத் தொட விடாது. தட்டானை யாரும் தொடவே வேண்டாம். கண்ணும் நோட்டும் போதும்.

விலங்கியல் பாடம் எடுக்கும் எனக்கு இந்த நோட்டின் அருமையைக் கற்றுக்கொடுத்தது ஒரு தோல்வி. சில வருஷங்களுக்கு முன், நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி, இரண்டாம் ஆண்டு மாணவி, தன் ஆயா சொன்ன பழமொழியோடு வந்தாள். தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை. “உண்மையான்னு பாக்கலாமா, மேடம்?” என்றாள். ஆற்றங்கரையில் பார்த்து எழுதினாள். எழுதிய நாளெல்லாம் தட்டான் தாழப் பறந்திருந்தது, மழையும் பெய்திருந்தது. எனக்கே புல்லரித்தது. சென்னையில் ஒரு மாணவர் கருத்தரங்குக்கு அனுப்பிவைத்தேன்.

அங்கே ஒரு பெரியவர் ஒன்றே ஒன்று கேட்டாராம்: “தாழப் பறந்தும் மழை வராத நாள் எத்தனைம்மா?” அவளுக்குப் பதில் தெரியவில்லை. திரும்பி வந்ததும் கேட்டேன். “அந்த மாதிரி நாளும் இருந்துச்சு மேடம். ஒண்ணும் நடக்கலியே, என்னத்த எழுதுறதுன்னு விட்டுட்டேன்.” தவறு என்னுடையது. அனுப்புமுன் அந்த நோட்டை நான் ஒரு தடவை புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

அன்று கரும்பலகையில் நாலு கட்டம் போட்டேன். தாழப் பறந்தது, மழை வந்தது. தாழப் பறந்தது, மழை வரவில்லை. உயரப் பறந்தது, மழை வந்தது. உயரப் பறந்தது, மழை வரவில்லை. பழமொழிகள் முதல் கட்டத்தில் பிறக்கின்றன. மற்ற மூன்றையும் யாரும் நினைவில் வைப்பதில்லை. அவற்றையும் நிரப்பினால்தான் பழமொழி ஆராய்ச்சியாகும்.

நிரப்பப் போனபோதுதான் வேலை எவ்வளவு என்று தெரிந்தது. ‘தாழ’ என்றால் எவ்வளவு? முழங்கால், இடுப்பு, தலை, தலைக்கு மேல் என்று உடம்பையே அளவுகோலாக்கினோம். ஆளுக்கு ஆள் உயரம் மாறுமே என்றாள் அவள். சரிதான். தன் உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டு மணலில் நட்டாள். ‘மழை’ என்றால் எவ்வளவு? வானிலைத் துறை காலை 8.30க்கு முந்தைய 24 மணி நேர மழையை அளக்கிறது. நாங்களும் அதே கணக்கை எடுத்துக்கொண்டு, மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள பாட்டிலை அவள் வீட்டு மாடியில் வைத்தோம். நிற்கும் நீரை ஸ்கேலால் அளந்தால் மில்லிமீட்டர் கிடைத்துவிடும்.

இன்னொரு பொறி குட்டையில் இருந்தது. பெண் தட்டான் முட்டையிடும்போது வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். அது தாழ்ந்தது முட்டைக்காக, மழைக்காக அல்ல. ஆகவே குட்டையை விட்டு விலகி, திறந்த மணல்வெளியில் மட்டும் எண்ணுவது என்று முடிவானது. தட்டான் கொசுபோன்ற சிறு பூச்சிகளைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும். மழைக்கு முன் அந்தப் பூச்சிகள் தாழ்கின்றனவா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனி நோட்டு.

பெரியவர் ஒருவரின் சொல்லால் பாதை திரும்பியது அவளுக்கு மட்டுமல்ல. வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோது, 1928 கோடையில் கல்கத்தாவில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அதே ஆண்டு சென்னைக்கு வந்த ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்டைத் தேடிப் போய்ச் சந்தித்தார். நீ படித்த அணு இயற்பியல் பழசாகிவிட்டது என்றார் அவர். சோர்ந்துபோகாமல் புதியதைப் படித்து எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பட்டம் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டுதான். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் சந்திரசேகர் ஆக வேண்டியதில்லை. தனக்குத் தெரியாதது எது என்று யாராவது காட்டும்போது அந்தப் பக்கம் நகரத் தெரிந்தால் போதும்.

இந்திய அறிவியல் அகாடமிகள் கோடையில் 2 மாத ஆய்வுப் பயிற்சி தருகின்றன. விண்ணப்பத்தில் என்ன ஆராய விருப்பம் என்று எழுதச் சொல்வார்கள். பலரும் அங்கே அறிவியல் ஆர்வம், நாட்டுக்குச் சேவை என்று நிரப்புவார்கள். எங்கள் தட்டான் மாணவியோ, தான் விட்டுவிட்ட நாட்களைப் பற்றி எழுதினாள். பரிந்துரைக் கடிதம் எழுத எனக்கும் அன்று சிரமமே இல்லை.

இந்த வருஷம் அதே மணலில் ஒரு முதலாண்டுப் பையன் நோட்டோடு நின்றான். “மேடம், அரைமணி நேரமா ஒரு தட்டான்கூட வர்ல. இது எந்தக் கட்டம்?”

யோசித்துப் பார்த்தேன். என் நாலு கட்டத்தில் அதற்கு இடமே இல்லை. நோட்டை வாங்கி ஐந்தாவதாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.