தண்ணி வடிகட்டிரும்னு யாரு சொன்னா?

ஆடித்தபசு நெருங்கினால் சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வீடு ஒட்டடைக் கம்பு வெளியே வந்துவிடும். கோமதி அம்மன் தவமிருக்கிற நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாம் ஊருக்கு வந்து இறங்குவார்கள். பாயும் தலையணையும் தேடிப் பரணில் ஏறுவார்கள்.

ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற பழைய வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வீட்டுக்காரருக்கு வயது 74. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிற பேரன் பரணில் ஏறி, துருப்பிடித்த தகரப்பெட்டி ஒன்றை இறக்கினான். உள்ளே கறுத்துப்போன தேங்காய்க் குடுக்கை. மேலே ஒரு துளை, பக்கவாட்டில் ஒரு துளை. பக்கத்தில் துணியில் சுற்றிய மண் சிலும்பி.

"தாத்தா, இது பாங்குல்லா!" என்று சிரித்தான் பேரன். சிரித்தவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பாடம் நடத்தியவர் அவர். அந்த அவசர மௌனம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. குடுக்கையை வாங்கித் திண்ணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அது அவருடைய பெரியப்பாவின் குடுக்கை. கைத்தறி நெசவாளி. தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று தெருவே சொன்ன மனிதர். தபசுக்கு வந்த பரதேசிகளோடு ஒரு வருஷம் மண்டபத்தில் உட்கார்ந்தவர், அவர்கள் போன பிறகும் கஞ்சாவை விடவில்லை. 'சிவமூலிகை' என்று அதற்கு மரியாதையாக ஒரு பெயரும் வைத்திருந்தார். முதலில் தறி நின்றது. பிறகு தறியே விலைக்குப் போனது. கடைசி இரண்டு வருஷம் இருமல் மட்டும்தான் அந்த வீட்டில் சத்தமாகக் கேட்டது. 50 வயதைத் தாண்டவில்லை.

இந்தக் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றும் உண்டு. தினமும் அந்தக் குடுக்கையில் தண்ணீர் மாற்றிக் கொடுத்தது, அப்போது 12 வயதில் இருந்த இவர்தான். கிணற்றில் இறைத்து, பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார். கொட்டும்போது அது பழுப்பாக, குமட்டுகிற வாடையோடு இருக்கும். "பாத்தியாலே, அழுக்கெல்லாம் தண்ணியிலயே நின்னுருச்சு. எனக்கு வாறது சுத்தமான புகை" என்பார் பெரியப்பா. பையனும் நம்பினான். பெரியப்பாவுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தான்.

தேங்காய்க்கும் இந்தப் புகைக்கும் உறவு பழையது. மேற்கு ஆசிய நாடுகளில் ஹூக்காவுக்கு 'நார்கிலே' என்று ஒரு பெயர். தேங்காயைக் குறிக்கிற பாரசீகச் சொல்லான 'நார்கில்'லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம், தமிழிலும் நாம் நாரிகேளம் என்று சொல்கிற அதே சமஸ்கிருதச் சொல்தான். கண்ணாடியும் பித்தளையும் வருவதற்கு முன்பு தண்ணீர் நின்ற பாத்திரம் தேங்காய்ச் சிரட்டை. தாய்லாந்தில் அந்த வேலையை மூங்கில் செய்தது. மூங்கில் குழாய்க்கு அவர்கள் சொன்ன பெயர்தான் இன்று கல்லூரிப் பிள்ளைகள் வாயில் புழங்குகிற 'பாங்'. எத்தியோப்பியாவில் ஒரு குகையில் கிடைத்த, 14-ம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்ட மண் சிலும்பிகளில் கஞ்சாவின் எச்சம் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அக்பர் காலத்துக் கதை ஒன்றும் உண்டு. பீஜப்பூரிலிருந்து திரும்பிய ஆசாத் பேக், 1604-ஐ ஒட்டிய காலத்தில், அக்பருக்குப் புகையிலையை அறிமுகம் செய்தார். புகை கெடுதல் என்று கவலைப்பட்ட அரண்மனை வைத்தியர் அபுல் ஃபத் கிலானி, அதைத் தண்ணீருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார் என்பார்கள். ஆனால், கிலானி 1589-லேயே இறந்துவிட்டார்! கதையின் கணக்கு உதைக்கிறது. ஆனாலும் 'தண்ணீர் சுத்தம் செய்துவிடும்' என்ற அதன் நம்பிக்கை மட்டும் 400 வருஷமாகச் சாகாமல் இருக்கிறது.

அன்று ராத்திரி மொட்டைமாடியில் பேரனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் தாத்தா.

"எத்தனை நாளாலே?"

பேரன் கொஞ்ச நேரம் கோபுரத்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வருஷமா தாத்தா. ரூம்ல எல்லாரும்தான். சிகரெட் மாதிரி இல்ல. தண்ணியில வடிகட்டித்தான் வருது. தண்ணி எப்படிக் கறுத்துப் போகுது தெரியுமா? அதெல்லாம் உள்ள போகாம நிக்குதுல்லா?"

தாத்தாவுக்கு உடம்பு ஒரு முறை ஆடியது. அறுபது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே வாக்கியம்.

"தண்ணியில நின்னது கண்ணுக்குத் தெரியுது. நெஞ்சுக்குள்ள போனது யாருக்குலே தெரியும்?" என்றார். பிறகு, யாரிடமும் சொல்லாத அந்தக் கிணற்றுத் தண்ணீர்க் கதையைச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவர் குரல் உடைந்திருந்தது. பேரன் அதுவரை தாத்தா அழுது பார்த்ததில்லை.

உண்மையில் தண்ணீர் என்ன செய்கிறது? புகையின் சூட்டைக் குறைக்கிறது. கொஞ்சம் சாம்பலையும், தண்ணீரில் கரையக்கூடிய சிலவற்றையும் பிடித்து வைக்கிறது. அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் அநேகமாகக் கரைவதே இல்லை. நேராக ரத்தத்துக்குப் போகிறது. சூடு குறைந்த புகை தொண்டையில் உறைக்காது. அதனால் இன்னும் ஆழமாக இழுக்கிறார்கள், இன்னும் நேரம் உள்ளே அடக்குகிறார்கள். 1990-களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையில், தண்ணீர்க் குழாய்கள் தாரை விடப் போதைப்பொருளையே அதிக விகிதத்தில் பிடித்து வைப்பது தெரியவந்தது. அப்படியானால் அதே போதைக்கு அதிகம் இழுக்க வேண்டும்; தாரும் அதிகம் உள்ளே போகும்.

புகையிலை ஹூக்காவும் லேசுப்பட்டதல்ல. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு சிகரெட்டில் வருவதைப்போல் 100 முதல் 200 மடங்கு வரை புகை உள்ளே போகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு எச்சரித்திருக்கிறது. ஒரே குழாய் வாய் மாறி வாய் போனால் காசநோய்க் கிருமியும் கூடவே போகலாம். கஞ்சாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மூளையின் வளர்ச்சி 25 வயது வாக்கில்தான் முழுமையடைகிறது. அதற்கு முன்பே தொடர்ந்து பிடிப்பவர்களுக்கு ஞாபகசக்தி, கவனம் குறையும். சிலருக்கு, குறிப்பாகக் குடும்பத்தில் மனநோய் இருந்தால், இல்லாத குரல்கள் கேட்கிற அளவுக்கு மனச்சிதைவு வரும் அபாயமும் கூடுகிறது.

"போலீஸ் கேஸ் ஆகிருமா தாத்தா?" பேரனின் அடுத்த பயம் அது.

பயம் நியாயமானதே. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா பிடித்தாலே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஒரு கிலோ வரை வைத்திருந்தால் சிறை ஒரு வருஷம் வரை போகும். ஹூக்கா பார்களுக்கும் தமிழகத்தில் தடை இருக்கிறது. சட்டமன்றம் 2022-ல் அதற்காகத் தனிச் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. ஆனால், அதே 1985-ம் ஆண்டுச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர், பிடித்ததற்காகவோ குறைந்த அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினால், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுக்கும்போது வழக்கிலிருந்து விலக்கு பெற வழி இருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது. 14446 என்ற இலவச எண்ணில் அழைத்தால் போதை மீட்பு ஆலோசனையும் கிடைக்கும். பிள்ளையை அடிப்பதற்கும், ஊர் என்ன சொல்லும் என்று மூடி மறைப்பதற்கும் நடுவில் இப்படி ஒரு பாதை இருப்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

"சிவனே பிடிச்சாருன்னு சொல்லுதாங்களே" என்று கடைசியாக ஒரு சமாதானம் தேடினான் பேரன்.

"அவரு ஆலகாலத்தையே குடிச்சாருலே. கழுத்தைப் பிடிச்சு நிறுத்த அம்மை பக்கத்துல இருந்தா. ஒம் ரூம்ல ஒனக்கு யாரு இருக்கா?"

பேரனிடம் பதில் இல்லை.

தபசு நல்லபடியாக முடிந்தது. அம்மன் சப்பரத்தின் மீது ஜனங்கள் பருத்தியும் மிளகாய் வத்தலும் சூறைவிட்டார்கள். பேரனும் கூட்டத்தில் நின்று ஒரு கை பருத்தியை வீசினான். அடுத்த திங்கட்கிழமை காலையில் தாத்தாவும் பேரனும் திருநெல்வேலி பஸ் ஏறினார்கள், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. ஆச்சியிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் இரண்டு பேருக்கும் இட்லி கட்டிக் கொடுத்தாள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அந்தக் குடுக்கையைத் தூக்கி வெந்நீர் அடுப்பில் போட்டாள்.

பஸ் தேவர்குளத்தைத் தாண்டும்போது பேரன் மெதுவாகக் கேட்டான்: "பெரிய தாத்தாவ யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

"இல்லலே" என்றார் தாத்தா. "தண்ணி மாத்திக் கொடுக்கத்தான் ஆள் இருந்துச்சு."