கவுன்ட்டர் முன் நடுங்கும் கை

‘டென்ஷன்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழைய தலைவலி. ‘மன அழுத்தம்’ என்று எழுதினால், அதையே மனச்சோர்வு நோய்க்கும் பயன்படுத்துகிறார்கள். ‘பதற்றம்’ என்றால் ஊரடங்கு உத்தரவு நினைவுக்கு வருகிறது. எங்கள் சித்தூரில் இந்தச் சிக்கல் இல்லை. தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் டென்ஷன் என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் உடம்புக்குள் என்ன செய்யும் என்பதை நான் தெரிந்துகொண்டது அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம் வந்த பிறகு.

அப்பா தமிழ் வழிப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. லெவோடோபா மாத்திரையை நாளுக்கு நான்கு வேளை கடிகாரம் பார்த்துப் போட்டுக்கொள்கிறார். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் ஆனால் காபி டம்ளரைச் சிந்தாமல் பிடிப்பார், பேப்பரைப் புரட்டுவார். அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே நேரத்தில் பென்ஷன் எடுக்க வங்கிக்குப் போனால் கதையே வேறு. பின்னால் பத்துப் பேர் வரிசை. ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இன்னொரு தடவை போடுங்கள்’ என்று கவுன்ட்டரிலிருந்து தெலுங்கில் ஒரு குரல். மூன்றாவது தடவை பேனா தாளில் நிற்கவே இல்லை. இந்த நோயில் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும் என்பது அந்த ஊழியருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்: “இந்த மாத்திரைக்கு இனிமே பவர் இல்லப்பா. நாளையில இருந்து ஒண்ணரையா போட்டுக்கறேன்.” பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பங்குக்குப் பூனைக்காலி விதைப் பொடியைச் சிபாரிசு செய்தார்.

இரண்டையும் அடுத்த வாரம்வரை தள்ளிப்போட்டு, 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதிக்கு பஸ் ஏறினோம். அங்கே நரம்பியல் மருத்துவர் அப்பாவை உட்காரவைத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு... அதற்குள் மடியில் சும்மா கிடந்த வலது கை ஆட ஆரம்பித்துவிட்டது. கணக்கை நிறுத்தியதும் ஆட்டம் மெல்லத் தணிந்தது. “இந்த ரெண்டு நிமிஷத்தில் மாத்திரையின் சக்தி போய்த் திரும்பி வந்துவிட்டதா சார்?” என்று கேட்டார் மருத்துவர். அப்பா பதில் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் குறைவதால் வருவது இந்த நோய். 1960-ல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்ற விஞ்ஞானி இதைக் காட்டினார். மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற மருந்து லெவோடோபா. ஆனால் பயமோ, அவசரமோ, நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற கூச்சமோ வரும்போது நார் அட்ரினலின் என்ற இன்னொரு ரசாயனம் பாய்ந்து நடுக்கத்தைத் தூண்டுகிறது. டோபமைனை ஈடுகட்டும் மாத்திரைக்கு இதன்மேல் பிடிப்பு குறைவு. மனக்கணக்குப் போடும் நேரத்தில் லெவோடோபா நடுக்கத்தை அடக்கும் திறன் குறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-ல் எழுதினார்கள். கவலை இரைப்பையையும் மந்தமாக்கும். லெவோடோபா ரத்தத்தில் கலப்பது சிறுகுடலில்தான். அங்கே போய்ச் சேரத் தாமதமானால் பலனும் தாமதம்.

எனவே டென்ஷனான நாளைப் பார்த்து டோஸைக் கூட்டுவது ஆபத்து. அளவு மீறினால் கைகால்கள் தாமாக முறுக்கி அசையும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பூனைக்காலியும் சாதுவான பொடி அல்ல. அதன் விதையிலிருந்து இதே லெவோடோபாவைத் தாமோதரன், ராமசுவாமி என்ற இருவர் சென்னையில் பிரித்தெடுத்து 1937-ல் அறிவித்திருக்கிறார்கள். மாத்திரையோடு அதையும் சாப்பிட்டால், கணக்குத் தெரியாமல் இன்னொரு டோஸ் போட்டதாகும்.

மருத்துவர் மாத்திரையைக் கூட்டவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளச் சொன்னார். பருப்பு, பால், முட்டையிலுள்ள புரதம் மருந்தோடு போட்டி போடுமாம். வெளி வேலைகளை மருந்து நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்களுக்கும் ஒரு மருந்துச் சீட்டு கிடைத்தது: வீட்டில் ‘சீக்கிரம்’ என்ற சொல் கூடாது.

பாக்கி இருந்தது வங்கி. கையெழுத்துப் போட முடியாத முதியவர்கள், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழிசெய்திருக்கிறது. அப்பா கேட்கவே மறுத்துவிட்டார். “முப்பத்தஞ்சு வருஷம் எழுத்து சொல்லிக் குடுத்தவன் கைநாட்டு வைக்கறதா?” கைநாட்டு அவருக்குப் புது டென்ஷன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று என்பதை எடுத்துச் சொல்லி மேலாளரைப் பார்த்தோம். இப்போதுள்ள சின்னக் கையெழுத்தையே புதிய மாதிரியாகப் பதிந்துகொண்டார்கள். இப்போது கூட்டமில்லாத நேரத்தில் போய், நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவே கையெழுத்துப் போடுகிறார். சில மாதம் முதல் தடவையே ஒத்துப்போகிறது.

டென்ஷனால் மருந்து தோற்பதைப் போலவே, மருந்து தீரும் வேளையில் காரணமே இல்லாமல் டென்ஷன் வருவதும் உண்டு. எது முந்தியது என்று நினைவிலிருந்து சொல்ல முடியாது. அதனால் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம்: மாத்திரை போட்ட நேரம், நடுக்கம், அப்போது என்ன நடந்தது. போன மாதம் நடுக்கம் அதிகம் என்று குறித்த நாட்கள் ஆறு. நான்கில் விருந்தாளி வருகை, அல்லது எங்காவது கிளம்பும் அவசரம். மீதி இரண்டு நாளுக்கு ஒரு காரணமும் எழுதப்படவில்லை. அந்த இரண்டைத்தான் அடுத்த முறை திருப்பதியில் காட்டப் போகிறோம்.