வெள்ளைக்கார மாப்பிள்ளை

எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒருமுறை திரைப்படம் காட்டுவோம். முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு வாதாடுவோம். படத்தைவிட வாதமே நீளும்! சென்ற மாதம் தேர்வு செய்யும் முறை என்னுடையது. குரீந்தர் சத்தா 2004-ல் எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தைக் கொண்டுவந்தேன்.

கர்வத்தையும் தப்பெண்ணத்தையும் தலைப்பாக வைத்து ஜேன் ஆஸ்டின் 1813-ல் தந்த ஆங்கில நாவலை அமிர்தசரசில் குடியேற்றி, தலைப்பிலே கர்வத்தை நீக்கி மணமகளை அமர்த்திய படம் அது. கென்யாவிலே பிறந்து, லண்டனிலே வளர்ந்த பஞ்சாபிப் பெண்மணி சத்தா. அமெரிக்கரான தம் கணவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். பக்ஷி குடும்பத்திலே நான்கு பெண்கள். மாப்பிள்ளை தேடி மாய்கிறாள் தாய். இரண்டாம் மகள் லலிதாவாக ஐஸ்வர்யா ராய் — 1997-ல் 'இருவர்' வழியே திரைக்கு அறிமுகமானவர். அவளை விரும்புபவன் டார்சி, அமெரிக்க ஓட்டல் முதலாளியின் வாரிசு.

விளக்கு எரிந்ததும் மன்றம் பிளந்தது! "ஆஸ்டினின் கூர்மை எங்கே? கடற்கரையிலே தேவாலயப் பாடகர் குழுவை நிறுத்திவிட்டால் காதலாகிவிடுமா?" என்று சீறினார் மூத்த தோழர் ஒருவர். கல்லூரி மாணவர்களோ, தங்கை மாயாவின் நாகப்பாம்பு நடனத்தை மீண்டும் போடச் சொல்லிக் கூவினர். மெட்டு இந்தி, சொல் ஆங்கிலம். பட்டு வேட்டிக்கு மேல் கோட்டு மாட்டியது போலிருக்கிறது என்றார் இன்னொருவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆயினும் அமெரிக்கப் பச்சை அட்டையைக் காட்டிப் பெண் கேட்க வரும் கோலியை அக்காள் தங்கையர் பாடிப் பரிகசிக்கும் காட்சியிலே, மணச்சந்தையின் மானம் கப்பலேறுகிறதே, அதை யார் மறுப்பர்?

பெண் தோழர் ஒருவர் சுட்டிய இடம் அதனினும் சிறப்பு. கோவாவிலே ஓட்டல் வாங்க எண்ணும் டார்சியிடம் லலிதா சண்டையிடுகிறாள். இந்தியா வேண்டும், இந்தியர் மட்டும் வேண்டாமா என்பதே அவள் கேள்வியின் சாரம். அழகிக்கு அறிவையும் தந்த இடம்!

இறுதியில் நான் எழுந்தேன். "தோழர்களே! நிறம் தடுக்கிறது, பணம் தடுக்கிறது. கதையின் முடிச்சு ஒன்றையாவது சாதி போட்டதா? யானைமீது ஏறி ஊர்வலம் போகிறார்கள் மணமக்கள். மதம் கடந்த மணத்துக்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் கேட்கும் முப்பது நாள் அறிவிப்பு எங்கே? அந்தத் தாளைப் படித்துவிட்டு அரிவாள் தூக்குவோர் எங்கே? சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-லேயே அண்ணாவின் ஆட்சி சட்டம் இயற்றிய மண்ணிலே நாம் இதைக் கேட்க வேண்டாமா?" கைதட்டல் எழுந்தது. அக்காவும் தட்டினாள், அம்மா தட்டியதைப் பார்த்தபோது எனக்கு வியப்பே.

அம்மாதான் அன்று அதிகம் சிரித்தவர். திருமதி பக்ஷியின் பதைப்பைக் கண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு திரும்பும் வழியிலே, "பையன் தங்கமானவன். வெள்ளைக்காரனாக இருந்தால் என்ன? குணம்தானே பெரிது!" என்றார்.

அக்கா நின்றாள். அவளுடன் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக வீட்டில் சொல்லி வருகிறாள். ஏரிக்கரைக்கு அப்பால், எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவர் வீடு.

"அந்த டார்சி ஏரிக்கரைத் தெருவிலே பிறந்திருந்தால், அம்மா?"

அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. "படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதா உனக்கு?" என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னே நடந்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். சற்றுமுன் மன்றம் அதிர முழங்கிய நான், செருப்பின் வாரைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை.

வரும் ஞாயிறன்று அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.