நெளுக்குளத்தில் ஒரு சாம்பல் பேணி

வவுனியா பஸ் நிலையத்திலிருந்து மன்னார் வீதியால் செல்லும் பஸ் ஒன்றில் ஏறினால் குருமன்காடு, பட்டாணிச்சூர், வேப்பங்குளம் தாண்டிச் சிறிது நேரத்திலேயே நெளுக்குளம் வந்துவிடும். அதே வீதியால் இன்னும் போனால் பம்பைமடு. அங்கே இருந்த வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அதற்கும் அப்பால் பூவரசங்குளம், செட்டிகுளம். செட்டிகுளம் என்றதும் நம்மில் பலருக்கு மெனிக்பாம் நினைவுக்கு வரும். 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் அந்த வீதியில் பயணம் செய்யும்போது நெஞ்சு ஒருமுறை இறுகுவது இன்னும் நிற்கவில்லை. எனக்கும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவை குளத்தில் முடிபவை. மழைநீரைத் தேக்கி வைத்துப் பயிர் செய்த மண் இது. நான் போனது ஓர் ஆடி மாதம். கிணறுகளில் நீர் கீழே இறங்கியிருந்தது. கோடையில் இந்தக் கிணற்று நீருக்குச் சவர்த்தன்மை கூடும். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும். எவ்வளவு தேய்த்தாலும் சவர்க்காரம் நுரைக்காது. குடிப்பதற்குச் சுத்திகரித்த நீரை விலைக்கு வாங்கும் குடும்பங்கள் பல. கழுவுவதற்கும் துவைப்பதற்கும் கிணற்று நீர்தான்.

நான் அங்கு சென்றது ஒரு மகளிர் குழுவுக்கு, வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு துப்புரவுப் பொருள் செய்வது பற்றிச் சொல்லிக் கொடுக்க. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது சவர்க்கார விலை மாதத்துக்கு மாதம் ஏறியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். "அரிசி வாங்கிறதா, சோப் வாங்கிறதா எண்டு யோசிச்ச நாள் இருக்கு" என்று அந்தக் குழுவினர் முன்னொரு கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் இந்தப் பயிற்சியைத் தொடங்கினோம். வேப்பமரத்தின் கீழ் பாய் விரித்துப் பதினாறு பேர் இருந்தார்கள். கணவரை இழந்தவர்கள், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், காலில் செல் துண்டுடன் நடப்பவர்கள் என்று பலரும் இருந்தார்கள்.

நான் கொண்டுபோன பையைத் திறந்து சாம்பல், தேசிக்காய், பழப்புளி, வேப்பிலை, உப்பு, அப்பச்சோடா, வினாகிரி, பூந்திக்கொட்டை எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். எல்லோரிலும் மூத்த அம்மா ஒருவர் சிரித்துவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் பரப்பி வைச்சிருக்கிறதெல்லாம் என்ர அம்மம்மான்ர குசினி. நாங்கள் இதை ஏன் விட்டனாங்கள் எண்டு ஒருக்கா கேளுங்கோவன்."

சமூகவியல் படித்த நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டேன். அவர் சொன்னார்.

"2009இல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தம். இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில எல்லாம் சனம். ஒரு சட்டியை மூண்டு குடும்பம் மாறி மாறி வைச்சுச் சமைச்சது. சாம்பலாலதான் விளக்கினது. நிவாரணத்தில சோப் தருவினம், அதைப் பிள்ளையளைக் குளிப்பாட்ட வைச்சிருப்பம். பிறகு வீடு வந்தது. முதல் வேலையாச் சாம்பல் பேணியை எறிஞ்சிட்டு ஒரு போத்தல் பாத்திரம் கழுவுற தண்ணி வாங்கி ஜன்னல்ல வைச்சன். மகளைப் பாக்க வந்தவை அதைக் காணட்டும் எண்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலில் இருந்த அந்தப் போத்தல் வெறும் துப்புரவுப் பொருள் அல்ல, "நாங்கள் இப்போது முகாமில் இல்லை" என்று ஊருக்குச் சொல்லும் அடையாளம். சாம்பலை மறுபடி கையில் எடு என்று சொல்ல வந்த நான், அதை வெட்கமில்லாமல் எடுக்கக்கூடிய ஒன்றாக ஆக்க வேண்டியிருந்தது. ஆகவே செய்முறையைத் தள்ளி வைத்துவிட்டு, அது எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கினேன்.

விறகுச் சாம்பலில் காரம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள சட்டியில் ஈரச் சாம்பலைத் தேய்க்கும்போது அந்தக் காரமும் எண்ணெயும் சேர்ந்து அங்கேயே சிறிதளவு சவர்க்காரம் உண்டாகிறது. தேங்காய்த் தும்பு அழுக்கைச் சுரண்டி எடுக்கிறது. அம்மம்மா செய்தது முழு விஞ்ஞானம். ஒரு சுண்டு சாம்பலை ஒரு வாளி கிணற்று நீரில் கலக்கி இரவு வைத்து, காலையில் தெளிவை மட்டும் துணியால் வடித்து எடுத்தால், சவர்த்தன்மைக்குக் காரணமான சுண்ணம் அடியில் படிந்துவிடும். அந்தத் தெளிவில் துணி துவைத்தால் சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், குறைவாகவும் போதும். மாரியில் மழைநீரைப் பிடித்துத் துவைத்தால் இந்த வேலையும் தேவையில்லை.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. சாம்பல் தெளிவை அலுமினியப் பாத்திரத்தில் ஊற வைக்கக் கூடாது, காரம் அலுமினியத்தை அரிக்கும். பிளாஸ்ரிக் எரித்த சாம்பலும், பெயின்ற் பூசிய பலகை எரித்த சாம்பலும் வேண்டவே வேண்டாம், அவற்றில் நஞ்சு இருக்கும்.

புளிப்பின் வேலை வேறு. பித்தளைக் குத்துவிளக்கில் படியும் கறையைப் பழப்புளியும் உப்பும் கரைத்து எடுக்கின்றன. கேத்தலில் பிடித்த வெள்ளைப் படிவுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் விட்டுக் கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவினால் போதும். மலசலகூடக் கோப்பையின் மஞ்சள் கறையும் பெரும்பாலும் அதே சுண்ணப் படிவுதான். இரவில் வினாகிரி ஊற்றிவிட்டுக் காலையில் தேய்க்கலாம்.

அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்தால் பொங்குவதைப் பார்த்துப் பலர் அதை நல்ல மருந்தென்று நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். உண்மையில் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று அழித்து, மிஞ்சுவது உப்புத்தண்ணீர் போன்ற ஒன்றுதான். பிசுக்குக்குச் சோடா, படிவுக்கு வினாகிரி என்று தனித்தனியாகப் பாவிப்பதே பயன்.

பூந்திக்கொட்டையைக் கையில் எடுத்ததும் இன்னோர் அக்கா, "இதாலதான் சங்கிலி, காப்பெல்லாம் கழுவுறது. நகைதான் போட்டுது, கொட்டை மட்டும் மிச்சம்" என்றார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து. பத்துப் பன்னிரண்டு கொட்டைகளின் தோலை ஒரு லீற்றர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடித்தால் மெல்லிய நுரைநீர் கிடைக்கும். சில நாளில் பழுதாகிவிடும் என்பதால் அளவாகச் செய்ய வேண்டும்.

பழத்தோலைப் புளிக்க வைக்கும் முறையையும் சொன்னேன். தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பன்வோங் என்ற பெண்மணி பரப்பிய முறை இது. சீனி அல்லது வெல்லம் ஒரு பங்கு, தேசிக்காய், தோடம்பழம், அன்னாசித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. பிளாஸ்ரிக் போத்தலில் மேலே இடம் விட்டு மூடி, முதல் மாதம் நாளாந்தம் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மூன்று மாதத்தில் வடித்துத் தண்ணீர் கலந்து நிலம் துடைக்கலாம். முதன்முறை நான் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைத்து, நள்ளிரவில் அது வெடித்து அறை முழுவதும் சிதறியது. வெடிச்சத்தம் கேட்டு நான் கட்டிலுக்குக் கீழே போயிருந்தேன். அதைச் சொன்னபோது ஒருவரும் காரணம் கேட்கவில்லை.

பயிற்சி முடியும் வேளையில், அதுவரை பேசாதிருந்த ஒரு தங்கச்சி தன் கைகளை நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் வெடித்திருந்தது. நகரிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் துப்புரவு வேலை. காலை முதல் மாலை வரை குளோரினும் அமிலமும்.

"மிஸ், சோறு பிசையேலாது, கறி பட்டால் எரியுது. இதுகளை அங்க கொண்டு போய்ப் பாவிக்கலாமே? மணம் வராட்டில் நான் துடைக்கேல்ல எண்டு சொல்லுவினம்."

என் வரிசையில் இருந்த எந்தப் பொருளும் அவருக்கு விடையாகவில்லை. மணந்தால்தான் சுத்தம் என்று நம்பும் இடத்தில் வேப்பிலைத் தண்ணீரைக் கொண்டுபோனால் அவர் வேலைதான் போகும். அதோடு, வேப்பிலையும் தேசிக்காயும் அழுக்கை எடுக்குமே தவிர எல்லாக் கிருமிகளையும் கொல்லா. வயிற்றோட்டம் வந்த வீட்டிலும் ஆசுபத்திரியிலும் சவர்க்காரமும் குளோரினும் தேவைதான். ஆகவே இயற்கை, செயற்கை என்ற பேச்சை விட்டுவிட்டு அவர் கையைப் பற்றிப் பேசினோம். குளோரினை அமிலத்தோடோ வினாகிரியோடோ தேசிக்காயோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு வரும், மூச்சு அடைக்கும். போத்தலில் எழுதிய அளவுக்கே தண்ணீரில் கலக்க வேண்டும், கூடப் போட்டால் கூடச் சுத்தம் என்பது இல்லை. சுடுதண்ணீரில் கலக்கக் கூடாது. கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கையுறை கட்டாயம். வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவித் தேங்காயெண்ணெய் பூச வேண்டும்.

"கையுறை தாறேல்ல" என்றார் அவர்.

மூத்த அம்மா குழுவின் பொருளாளரைப் பார்த்தார். சேமிப்புப் பணத்திலிருந்து அவருக்கு இரண்டு சோடி இறப்பர் கையுறை வாங்குவதென்று அங்கேயே தீர்மானமாகிக் கொப்பியில் எழுதப்பட்டது. கையுறை கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று கேட்டு ஒரு கடிதம் எழுதுவதென்றும், அதை அவர் தனியாகக் கொடுக்காமல் அங்கு வேலை செய்யும் மற்றப் பெண்களோடு சேர்ந்து கொடுப்பதென்றும் முடிவானது.

இதை விற்று உழைக்கலாமா என்றும் கேட்டார்கள். கடைப் போத்தலோடு போட்டி போடுவது கடினம் என்று உள்ளதைச் சொன்னேன். முன்பு ஒரு நிறுவனம் சவர்க்காரம் செய்யப் பழக்கிவிட்டு, விற்க இடம் காட்டாமல் போனது அவர்களுக்கு இன்னும் கசப்பு. முதலில் வீட்டுச் செலவைக் குறைப்போம், மிச்சம் பிடித்த காசைக் கொப்பியில் எழுதுவோம், மூன்று மாதம் கழித்துக் கணக்கைப் பார்த்து யோசிப்போம் என்று கலைந்தோம்.

சகோதரிகளே, நீங்களும் செய்து பார்க்கலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எதைச் செய்தாலும் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். வேறு பாத்திரத்தில் விட்டு, பெயர் எழுதி ஒட்டி, உயரத்தில் வையுங்கள்.

மாலை பஸ்ஸுக்கு நின்றபோது அந்த அம்மா வீதி வரை வந்து வழியனுப்பினார். மறுமாதம் போனபோது அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். பழைய போத்தல் அங்கேயே இருந்தது. பக்கத்தில், மூடி போட்டு, "சாம்பல்" என்று பேரப்பிள்ளையின் கையெழுத்தில் எழுதி ஒட்டிய ஒரு பால்மா பேணி.

"இரண்டும் இருக்கட்டும் பிள்ளை" என்றார் அவர். "ஆரும் வந்து பாக்கட்டும்."