பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே

முழுநேர மாணவர் என்னும் சொல் நம் ஊர்க் காதுகளுக்கு விளக்கம் வேண்டாத சொல். காலையில் கல்லூரிக்குப் போகிறவர், மாலையில் திரும்புகிறவர், இடையில் கடையையோ கணக்கையோ கவனிக்க வேண்டாதவர்; அவரே முழுநேர மாணவர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இச்சொல்லுக்கு ஓர் எண் உண்டு. அயல்நாட்டிலிருந்து சென்ற பிள்ளை அந்த மண்ணில் தொடர்ந்து இருக்கலாமா கூடாதா என்பதையே அவ்வெண் தீர்மானித்துவிடும். நம் லாத்தாவின் மகள் அங்கே இளங்கலை படிக்கப் போன ஆண்டில் இந்த எண்ணோடு நெருங்கிப் பழகும் வாய்ப்பு நம் குடும்பத்துக்குக் கிட்டிற்று.

அந்த எண் 12. பன்னிரண்டு கிரெடிட். இப்போது தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் கிரெடிட் என்ற சொல் புழங்குகிறது. எனினும் இங்கே பருவத்துக்குரிய பாடங்களைப் பெரும்பாலும் கல்லூரியே வகுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. அங்கேயோ, சந்தைக்குக் கூடையோடு போனவர் போல மாணவர் தாமே பாடங்களைப் பொறுக்கிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும், ஏறத்தாழ 15 வாரங்களுக்கு என்று 2011ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு அரசின் விதி சொல்கிறது. அப்படியானால் 12 கிரெடிட் என்பது வாரத்துக்கு 36 மணி நேரம். ஆய்வுக்கூடத்தின் கணக்கு மட்டும் தனி. மூன்று மணி நேரம் குடுவையும் அடுப்புமாக நின்றாலும் பல இடங்களில் அதற்கு ஒரே ஒரு கிரெடிட்தான். இது எந்த ஊர் நியாயமோ நமக்கு விளங்கவில்லை.

இந்த அளவுகோல் பிறந்த கதை சுவையானது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 1909 வரை தலைவராயிருந்த சார்லஸ் எலியட், மாணவர் தம் விருப்பப்படி பாடம் தேர்ந்தெடுக்கும் முறையை வளர்த்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் படித்தால் எல்லாரையும் அளக்க ஒரு பொதுக்கோல் வேண்டுமல்லவா? அக்கோல் வந்தது ஓய்வூதியத்தின் வழியாக. உருக்கு வணிகத்தில் பெருஞ்செல்வம் திரட்டிய ஆண்ட்ரூ கார்னெகி, முதுமையடைந்த கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கவென்று 1905இல் ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்த அறநிறுவனம் கல்லூரிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தது: உயர்நிலைப்பள்ளியில் குறித்த அளவு படித்து வந்தவரையே மாணவராகச் சேர்க்க வேண்டும். ஒரு பாடத்தில் ஓராண்டுக்கு 120 மணி நேரம் என்பது அந்த அளவு. பிறகு 1910இல் மாரிஸ் குக் என்ற பொறியியலாளர், தொழிற்சாலைத் திறனை ஆராயும் கண்ணோடு கல்லூரிகளை ஆராய்ந்து, மாணவர் ஒருவர் கழிக்கும் மணி நேரத்தையே கல்லூரிக் கணக்கின் அடிப்படையாகக் கொள்ளலாம் என்று அறிக்கை எழுதினார். முதியவர்களின் ஓய்வூதியத்துக்காக எடுத்த முழக்கோல் இளையவர்களின் முதுகை அளக்க வந்துவிட்டது.

நம் மருமகள் முதற்பருவத்தில் 14 கிரெடிட் எடுத்திருந்தாள். வேதியியல் 4, நுண்கணிதம் 4, ஆங்கிலக் கட்டுரை 3, வரலாறு 3. அத்துடன் பல்கலைக்கழக நூலகத்தில் வாரம் 20 மணி நேர வேலை. பருவம் நடக்கும் காலத்தில் அயல்நாட்டு மாணவர் வளாகத்துக்குள் அதற்குமேல் வேலை செய்ய விதி இடம் தருவதில்லை. கிரெடிட்டை மூன்றால் பெருக்கி, வேலையையும் கூட்டினால் வாரத்துக்கு 62 மணி. அவளுக்கு அமைந்த வேதியியல் வகுப்போ, அப்பாடத்தில் ஏற்கெனவே ஆழ்ந்து பயின்று வந்தவர்களுக்கானது. முதல் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. இரண்டாவதில் இன்னும் சரிந்தது.

ஒரு நாள் அங்கே நள்ளிரவாயிருக்கும்போது தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, கெமிஸ்ட்ரியை விட்டுவிடப் போகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்" என்றாள். அருகிலிருந்த லாத்தா, "எதற்கு விடணும்? ஃபெயிலானால் அரியர் வைத்து எழுதிக்கொள்ளட்டுமே" என்றார். நம் நாட்டுத் தாய்க்கு இப்படித்தான் தோன்றும். அங்கே அரியர் என்பதே இல்லை. தோற்ற பாடத்தை மறுபடியும் கட்டணம் கட்டி, முதல் வகுப்பிலிருந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். தோற்ற மதிப்பெண்ணும் சராசரியைக் கீழே இழுத்துவிடும். குறித்த நாளுக்குள் பாடத்திலிருந்து விலகிக்கொண்டாலோ சான்றில் விலகியதற்கான எழுத்து மட்டும் விழும், சராசரி குலையாது. ஆகவே மகள் சொன்னதில் அறிவு இருந்தது.

ஆபத்து கழித்தல் கணக்கில் இருந்தது. பதினான்கில் நான்கு போனால் பத்து. மாணவர் விசாவில் இருப்பவர் இளங்கலையில் பருவந்தோறும் 12 கிரெடிட்டுக்குக் குறையக் கூடாது. அனுமதியின்றிக் குறைந்தால், பல்கலைக்கழக அலுவலர் அதை அரசின் கணினிப் பதிவேட்டில் தெரிவித்தே ஆக வேண்டும். மாணவர் என்னும் நிலையே அதனால் பறிபோகும். அதற்கு ஆசிரியரின் அன்போ தகப்பன் கட்டிய பணமோ பரிகாரமாகாது.

ஆயினும் விதியிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆங்கிலத்தில் தொடக்கத் தடுமாற்றம், அந்நாட்டுக் கற்பித்தல் முறை பழகாமை, தகுதிக்குப் பொருந்தாத நிலை வகுப்பில் சேர்க்கப்பட்டமை ஆகிய காரணங்களுக்காகச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்தது 6 கிரெடிட்டாவது மிஞ்ச வேண்டும். ஒரு பட்டப்படிப்பில் ஒரு முறைதான் இந்தச் சலுகை. அடுத்த பருவத்தில் முழுச்சுமைக்குத் திரும்பிவிட வேண்டும். நோயென்றால் வேறு விதி: மருத்துவர் எழுதித் தந்தால் மொத்தத்தில் 12 மாதம் வரை இளைப்பாறலாம். எதுவாயினும் அனுமதி முதலில், விலகல் பிறகு. இந்த வரிசை மாறினால் நியாயமான காரணமும் குற்றமாகிவிடும் என்பதைப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் விமானச்சீட்டு வாங்குமுன்பே அறிந்திருப்பது நலம்.

"பொத்தானைத் தொடாதே மகளே. விடிந்ததும் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய்க் கேள்" என்றோம். போனாள். வகுப்பு அவள் நிலைக்குப் பொருந்தவில்லை என்று பாட ஆலோசகர் எழுதித் தந்தார்; அலுவலர் அனுமதியைப் பதிவேட்டில் ஏற்றினார்; அதன் பின்பே விலகினாள். மூன்று நாள்களில் முடிந்த காரியம். அந்த மூன்று நாள்களும் லாத்தா சரியாகச் சாப்பிடவில்லை.

முடிந்த பிறகும் அவருக்கு ஆறுதலில்லை. "ஊரில் கேட்டால் என்ன சொல்வது? பிள்ளை அரைப்படிப்புப் படிக்கிறதென்றா?" என்று குமைந்தார். மச்சானின் கவலை வேறு. கடையின் பங்கொன்றை விற்று அனுப்பிய பணம் அது. பணம் திருப்பித் தரும் நாள் கடந்துவிட்டதால் விட்ட பாடத்துக்கு ஒரு டாலரும் திரும்பவில்லை. அந்த இரவில்தான் மச்சான் பேரேட்டை எடுத்துவந்து, பட்டத்துக்கு மொத்தம் எத்தனை என்று கேட்டார். பெரும்பாலான இடங்களில் 120. நான்காண்டில் எட்டுப் பருவம். வகுத்துப் பார்த்தார், 15 வந்தது. "பன்னிரண்டுதான் முழுநேரம் என்றீர்களே, பன்னிரண்டாகப் படித்தால் பத்துப் பருவமாகிறதே! ஐந்தாவது ஆண்டுக்கு யார் கட்டுவது?" என்றார்.

வணிகர் கண்ணுக்குச் சட்டென்று பட்ட இந்த இடைவெளியை அங்குள்ள எத்தனையோ குடும்பங்கள் இறுதியாண்டில்தான் காண்கின்றன. விசாவுக்கும் 12, அந்நாட்டுக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசு தரும் பெல் உதவித்தொகைக்கும் 12 இருந்தால் முழுத்தொகை. பல பல்கலைக்கழகங்களில் 12 முதல் 18 வரை கட்டணமும் ஒன்றே. அப்படியிருக்க, நான்காண்டில் பட்டம் தராத ஒரு சுமைக்கு முழுநேரம் என்று பெயர் சூட்டியது பொருந்தாப் பெயரே என்பது நம் எண்ணம். ஹவாய்ப் பல்கலைக்கழகம் 2012இல் பதினைந்து எடுங்கள் என்று மாணவர்களிடையே இயக்கமே நடத்திற்று. அதுவும் எல்லார்க்கும் பொருந்தும் என்று நாம் சொல்லமாட்டோம். வேலை பார்த்துத் தம் செலவைத் தாமே தாங்கும் பிள்ளைக்கு 15 என்பது ஏட்டளவில் 45 மணி நேரம். தூக்கத்தை எதில் சேர்ப்பது? இரண்டு எண்களையும் முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், எதைத் தாங்குவதென்று பிள்ளையும் வீட்டாரும் கூடி முடிவெடுக்கலாம்.

அடுத்த பருவத்துக்கு மருமகள் 15 பதிந்திருக்கிறாள். வேதியியலும் அதில் உண்டு, இம்முறை தொடக்கநிலை வகுப்பு. நூலக வேலையை 12 மணியாகக் குறைத்துக்கொண்டாள். மச்சானின் பேரேட்டில் 110 என்று எழுதி, எழுபதினைந்து 105 என்று கழித்து, பாக்கி 5 என்று சிவப்பு மையில் போட்டிருக்கிறது. அந்த ஐந்தைக் கோடையில் தனிக்கட்டணம் கட்டித் தீர்ப்பதா, பின்னர் ஏதேனுமொரு பருவத்தில் கூட்டிப் படிப்பதா என்று தகப்பனும் மகளும் வெள்ளிதோறும் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.