பத்து ஏர் நிலமும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்

எங்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான் இருக்கிறது. அவள் சென்னைக்கு வேலைக்குப் போனதும் கம்பெனியில் வேறு ஒன்று கொடுத்துவிட்டார்கள். பழையது வீட்டோடு தங்கிவிட்டது. அதில் பால் கணக்கு, ஆள் கூலிக் கணக்கு எழுதிப் பழகினேன். நான் படித்தது எட்டாவது. வீட்டுக்காரருக்குக் கணினி என்றாலே ஆகாது. "இருக்கற வேலை போதாதா?" என்பார்.

கொல்லிமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எங்கள் காடு. மாமனார் வைத்துவிட்டுப் போனது 3 ஏக்கர் 38 சென்ட். அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதி. 2021-ல் கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து ஆளுக்கொரு பட்டா வாங்கினார்கள். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் போட்டால் சிட்டா திரையில் வந்துவிடும். முதல் தடவை எங்கள் பெயரில் தனியாகப் பார்த்தபோது அதை எப்படியாவது எடுத்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. போனில் திரையைப் போட்டோ பிடித்து மகளுக்கு அனுப்பினேன். படம் முழுக்க வரி வரியாக அலை. நடுவில் டியூப் லைட் வெளிச்சம். எது 6, எது 8 என்று எனக்கே தெரியவில்லை.

"அம்மா, போன்ல எடுக்காதீங்க. கம்ப்யூட்டரே படம் எடுக்கும்" என்றாள். விசைப்பலகையில் மேல் வரிசையில் வலது ஓரமாக ஒரு விசை, 'பிரிண்ட் ஸ்கிரீன்' என்பதைச் சுருக்கி எழுதியிருக்கும். அந்தக் காலத்து டாஸ் கணினிகளில் அதை அமுக்கினால் திரையில் இருப்பது நேராகப் பிரிண்டரில் காகிதமாக வருமாம். இப்போது வேலை மாறிவிட்டது, பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் இல்லை, மின்னல் இல்லை. விசை கெட்டுப்போச்சு என்று நினைத்து நாலு தடவை அமுக்கினேன். உண்மையில் படம் எடுத்தாகிவிட்டது. கடலைக்காயை மடியில் கட்டிக்கொள்வது மாதிரி, கணினி அதை மடியில் வைத்துக்கொண்டு நிற்கிறது. நாம்தான் எங்காவது கொட்ட வேண்டும். பெயிண்ட் என்கிற செயலியைத் திறந்து, கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு 'வி' எழுத்தைத் தட்டினால் மொத்தத் திரையும் அதில் வந்து உட்காரும். அதற்குள் வேறு எதையாவது காப்பி செய்தால் மடியில் இருந்தது போய்விடும். கரண்ட் போய்க் கணினி அணைந்தாலும் போச்சு. சில மடிக்கணினிகளில் கீழே இடது பக்கம் உள்ள 'எஃப்என்' விசையையும் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கும்.

சேமிக்கும்போது 'பிஎன்ஜி' வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள் மகள். 'ஜேபெக்' என்று சேமித்தால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது மாதிரி மங்கும். எண் பார்க்கிற வேலைக்கு அது உதவாது. பெயராகத் தேதியும் சர்வே எண்ணும் போட்டு ஒரு கோப்புறையில் வைத்தேன். எங்கள் சிட்டா, மச்சாண்டாருடைய சிட்டா, பிரிவதற்கு முன்பு இருந்த கூட்டுப் பட்டாவின் பழைய நகலை மகள் ஸ்கேன் செய்தது என்று மூன்று. பழகுவதற்காகச் செய்தேன், அவ்வளவுதான்.

2022-ல் மச்சாண்டார் தன் பாகத்தை விற்றார். மகன் படிப்புச் செலவு. எங்களால் வாங்க முடியவில்லை, அதில் அவருக்கும் எங்களுக்கும் கொஞ்சம் மனத்தாங்கல். 2023 ஏப்ரலில் பயிர்க்கடனுக்காகச் சிட்டா எடுத்துப் போனார் வீட்டுக்காரர். அங்கே இருந்தவர் பார்த்துவிட்டு, "ஒரு ஏக்கர் 44 சென்ட்தானே இருக்குது" என்றிருக்கிறார். எங்களுடையது ஒரு ஏக்கர் 69. கால் ஏக்கரைக் காணோம்.

வீட்டுக்கு வந்தவர் சோறு தின்னவில்லை. "அண்ணன் நம்ம காட்டையும் சேத்து வித்துட்டாரு" என்றார். அன்று ராத்திரியே அங்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டும் வந்தார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கோயில் பொங்கலுக்குக்கூட அக்கா எங்கள் பக்கம் திரும்பவில்லை. பத்திரமோ டிராக்டர் கடனுக்காக வங்கியில் இருந்தது.

எனக்கு அந்தக் கோப்புறை ஞாபகம் வருவதற்கு அத்தனை நாள் ஆனது, அதுதான் வெட்கம். திறந்து பார்த்தேன். பிரிவதற்கு முன்பு மொத்தம் 1.37.0 ஹெக்டேர். பிரிந்த பிறகு எங்களுக்கு 0.68.5, அவருக்கு 0.68.5. ஒரு ஏர் என்பது 2.47 சென்ட், கணக்குச் சரியாக வருகிறது. இப்போது இணையத்தில் எங்கள் பெயரில் 0.58.5. வாங்கியவர் பெயரில் உள்ள சிட்டாவை அவருடைய உட்பிரிவு எண் போட்டுப் பார்த்தேன். 0.68.5, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டையும் கூட்டினால் 1.27.0. பத்து ஏர் யார் பெயரிலும் இல்லை! அண்ணன் விற்றிருந்தால் அது வாங்கியவர் கணக்கில் அல்லவா இருக்கணும்? எங்கேயோ 6-க்குப் பதிலாக 5 விழுந்திருக்கிறது.

வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தே போனார். வண்டி எடுக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஜமாபந்தியில் மனு கொடுத்தோம், அண்ணனும் கூட வந்தார். படங்களைக் காட்டியதும் அங்கிருந்தவர், "இதை ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்கம்மா. பெயிண்ட்ல நம்பரை யார் வேணும்னாலும் மாத்தலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் சேமித்த அதே பெயிண்டில் 5-ஐ அழித்து 6 எழுத இரண்டு நிமிஷம் போதும். போன தீபாவளிக்கு ஆடு வாங்க வந்த ஒருவர் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டிவிட்டு இரண்டு கிடாய்களை ஓட்டிக்கொண்டு போனார். பணம் இன்றுவரை வரவில்லை. கணக்கில் வந்துவிட்டதா என்று பார்க்காமல் விட்டது எங்கள் தப்பு.

எங்கள் படங்கள் ஆதாரமாக நிற்கவில்லை, ஆனால் வழி காட்டின. அதில் இருந்த பட்டா எண், உட்பிரிவு எண், திரையின் கீழ் வலது மூலையில் இருந்த தேதி, இதை வைத்துப் பழைய கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் அலைந்த பிறகு 0.68.5 என்று திருத்தி வந்தது.

தேதி என்றதும் ஒன்று. ஆல்ட் விசையோடு சேர்த்துப் பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கினால் திறந்திருக்கும் ஜன்னல் மட்டும் படமாகும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கீழே உள்ள கடிகாரமும் தேதியும் வராது. நம் மாதிரி ஆட்களுக்கு முழுத்திரைதான் நல்லது. விண்டோஸ் விசையோடு பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கினால் பெயிண்டே தேவையில்லை, படங்கள் கோப்புறையில் தானாகச் சேர்ந்துவிடும். விண்டோஸ், ஷிப்ட், எஸ் மூன்றையும் அமுக்கினால் வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். அதுவும் மடியில் இருக்கும், ஒட்டிச் சேமிக்கலாம். ஆதார் எண் தெரிகிற படத்தை யாருக்கும் அப்படியே அனுப்ப வேண்டாம். பெயிண்டிலேயே முதல் எட்டு எண்களைக் கட்டம் போட்டு மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா எங்கள் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு மிஞ்சிய வீட்டுமனைக்கும் பட்டா இருக்கிறதே. நோட்டில் விசைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். அமுக்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று என் முகத்தைப் பார்க்கிறார். "மடியில இருக்குதுக்கா, கொட்டுங்க" என்கிறேன்.